என் மனைவிக்கு மகன் இருக்கிறான், ஆட்சியர் அவர்களே

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், வயது 71. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் தங்கள் கையிலேயே மனு கொடுத்திருக்கிறேன். தாங்கள் பொறுமையாக வாசித்தீர்கள், பச்சை மையில் ஒரு குறிப்பு எழுதினீர்கள், "பார்க்கச் சொல்றேங்கய்யா" என்றீர்கள். பார்த்தார்கள். அவர்கள் பார்த்த விதத்தைத் தங்களிடம் சொல்லத்தான் அதன்பிறகு கடிதம் எழுதினேன், பதிவுத் தபாலில் நினைவூட்டல் அனுப்பினேன், மேலிடத்துக்கும் எழுதினேன். மேலிடத்துக்குப் போனது சுற்றிக்கொண்டு தங்கள் அலுவலகத்துக்கே வந்து, அங்கே ஏற்கெனவே சொன்ன பதிலோடு என் வீட்டுக்குத் திரும்பியது. இனி ஊரறியத்தான் எழுத வேண்டும்.

மனுவில் நான் கேட்டது பெரிதில்லை. என் மனைவிக்கு 68 வயது; மறதி நோய். டாக்டர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் வரும் நாளை ஒரே கிழமையாக வைத்து, அதை வாசலில் எழுதிப் போடச் சொல்லுங்கள் என்று கேட்டேன். வாரத்தில் அரை நாளாவது, விவரம் தெரிந்த யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்து அவளோடு இருக்க வழி செய்யுங்கள் என்றும் கேட்டேன். பணம் கேட்கவில்லை. எனக்குப் பென்ஷன் வருகிறது, மகன் மாதாமாதம் அனுப்புகிறான். நான் கேட்டது தூக்கம்.

பொழுது சாய்ந்ததும் அவளுக்கு ஆரம்பிக்கும். சொந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்பாள். மஞ்சப்பையில் சீப்பு, டம்ளர், ரேஷன் கார்டு எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு வாசற்கதவைப் பிடித்து ஆட்டுவாள். பூட்டினால் என்னைத் திருடன் என்று தெருவைக் கூப்பிடுவாள். இரவு இரண்டு மணி, மூன்று மணி வரை இதுதான். இந்த நோயில் சாயங்காலம் கலக்கம் கூடும் என்று ஒரு டாக்டர் விளக்கினார். கதவோரம் விடியவிடிய உட்கார்ந்திருப்பது யார் என்று அவர் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வருகிறது, அழுகை வருகிறது. காலையில் பால் வாங்கப் போகும்போது அப்படியே ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிவிடலாமா என்று வருகிறது. மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் பேசிய பெண் நன்றாகத்தான் பேசினாள், நெடுநேரம் கேட்டாள். நான் பேசி முடிக்கும் வரை இவள் கதவை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

இனி தங்கள் அலுவலகம் செய்தது.

மனுவில் வயதானவர்கள் இருந்தார்கள். வெளியூரில் ஒரு மகனும் இருந்தான். அவ்வளவு போதுமாக இருந்தது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் என்று எழுதி, யாரோ அதைக் கோட்டாட்சியர் தலைமையில் நடக்கும் தீர்ப்பாயத்துக்குத் தள்ளிவிட்டார். அங்கிருந்து ஓசூரில் வேலை பார்க்கும் என் மகனுக்குச் சம்மன் போனது, கம்பெனி விலாசத்துக்கு. "அப்பா, என் மேல கேஸ் குடுத்திருக்கீங்களா?" என்று போனில் கேட்டான். இல்லை என்று நான் சொன்னதை அவன் நம்பினானா என்று இன்றைக்கும் தெரியாது. அவன் மனைவி நம்பவில்லை.

விசாரணைக்கு இவளையும் நேரில் அழைத்து வர வேண்டும் என்றார்கள். அலுவலகம் மாடியில். கூட்டத்தைக் கண்டாலே மிரளுகிறவளை நானும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினோம். பத்தரைக்கு வரச் சொன்னவர்கள் மத்தியானம் கூப்பிட்டார்கள். அதற்குள் அவள் புடவை நனைந்துவிட்டது. கழிப்பறை கீழே, வளாகத்தின் கோடியில். மகன் ஓடிப்போய் ஒரு துண்டு வாங்கி வந்து அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டினான். பெற்றோரைத் தவிக்கவிட்டதாகச் சம்மன் வாங்கியவன் இவன்தான் என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

உள்ளே இருந்த அலுவலர் தன்மையாகத்தான் கேட்டார். "பாட்டிம்மா, உங்க மகன் உங்களை நல்லாப் பாத்துக்கிறாரா?"

இவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. மகன் எங்கேருந்து வருவான்?"

அறையில் சிரித்தார்கள். மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் நோயைப் பற்றிச் சொன்னேன், ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினேன். "சரிங்க, சரிங்க" என்றார்கள். அவளிடம் பெருவிரல் ரேகை வாங்கினார்கள். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் அவள், இன்னும் கையெழுத்துப் போடுவாள். கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

உத்தரவின் நகல் என்னிடம் இருக்கிறது. விசாரணையில் மூத்த குடிமகள் தமக்கு மகன் இல்லை எனத் தெரிவித்தபடியால், மேல்நடவடிக்கை தேவையில்லை எனக் கருதி மனு முடித்து வைக்கப்படுகிறதாம். கைபேசிக்கும் செய்தி வந்தது, கோரிக்கை தீர்வு செய்யப்பட்டது என்று.

அவள் அன்றைக்குச் சொன்னவை இரண்டு. மகன் இல்லை என்றாள், கல்யாணமே ஆகவில்லை என்றும் சொன்னாள். ஒன்றை மட்டும் ஏன் எழுதினீர்கள்? இரண்டையும் எழுதியிருந்தால், அவளுக்கு அன்றாடம் சோறு ஊட்டி, குளிப்பாட்டி, புடவை கட்டிவிடும் இந்தக் கிழவன் எந்த உறவில் அந்த வீட்டில் இருக்கிறான் என்று அரசாங்கம் யோசிக்க வேண்டி வந்திருக்கும். அந்தச் சிரமம் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரு பாராட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சட்டம் சொல்லும் 90 நாளுக்குள் முடித்துவிட்டார்கள். அதே சட்டத்தில் முதியவர்களின் மருத்துவத்துக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. உங்களுக்குத் தெரியாதா என்ன?

பிள்ளைகள் கைவிடுகிறார்கள், பிள்ளைகள் கைவிடுகிறார்கள் என்று மேடைக்கு மேடை பேசி, முதுமையில் வேறு துன்பமே கிடையாது என்று உங்கள் அலுவலகம் நம்பிவிட்டது. கைவிடாமல் கூடவே இருக்கிறவர்கள் என்ன ஆகிறார்கள் என்று கேட்க அந்தக் கட்டிடத்தில் ஒரு நாற்காலி இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வீடு வீடாக ஏறி மீட்டர் பார்த்தவன் நான். எந்த வீட்டு உள்ளறையில் கட்டில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். மாமியாரை உள்ளே வைத்து வெளியே கொண்டி போட்டுவிட்டு நூறு நாள் வேலைக்கு ஓடுகிற மருமகளைத் தெரியும். தாத்தா எழுந்து தெருவுக்குப் போய்விடாமல் காவலிருந்தபடி பிளஸ் டூ படிக்கிற பேரனைத் தெரியும். அந்த மருமகளைக் கொடுமைக்காரி என்று பிடித்துக்கொண்டு போக வேண்டுமானால் உங்களிடம் ஆள் இருக்கிறது. மத்தியானம் வரை அந்தக் கிழவியோடு உட்கார்ந்திருக்க ஆள் இல்லை.

கணக்கு எழுதிப் பிழைத்தவன், ஒரு கணக்கும் சொல்கிறேன். தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம் என்பது 2021-க்கான அரசு மதிப்பீடு. இந்தியாவில் 60 தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு இந்த நோய் என்கிறது 2023-இல் வெளியான ஆய்வு. ஒரு லட்சம் பேர் வாழும் தாலுகாவுக்குப் பெருக்கிப் பாருங்கள். ஆயிரம் பேர் வருவார்கள். பக்கத்தில் விழித்துக்கொண்டு கிடப்பவர்களை நான் சேர்க்கவில்லை. 2024-இல் கிண்டியில் 200 படுக்கைகளோடு முதியோருக்கான தேசிய மருத்துவ மையம் திறந்தார்கள். நல்ல ஆஸ்பத்திரி என்றே கேள்விப்படுகிறேன். ஓடுகிற ரயிலில் கதவை ஆட்டுகிறவளை நான் எப்படி அங்கே கொண்டு சேர்ப்பேன்?

மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் வந்ததிலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரு பெண் வருகிறாள். எனக்குப் பிரஷர் பார்க்கிறாள், இவளுக்குச் சர்க்கரை மாத்திரை தருகிறாள். போகும்போது படியில் நின்று, "ஐயா, ராத்திரி தூங்குனீங்களா?" என்று கேட்பாள். அரசாங்கம் கேட்கச் சொன்னதல்ல, அவளாகக் கேட்பது. அந்த ஒரு கேள்வியைத் திட்டத்தில் சேர்க்க எந்தக் கோப்பு எத்தனை மேசை ஏற வேண்டும்? கேரளத்தில் படுத்த படுக்கையாய்க் கிடப்பவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு 'ஆசுவாசகிரணம்' என்று மாதம் 600 ரூபாய் வைத்திருக்கிறார்கள். 600 ரூபாயில் என்ன வாங்க முடியும் என்று கேட்கலாம். ஒன்றும் வாங்க முடியாது. ஆனால் நோயாளிக்குப் பக்கத்தில் இன்னொரு உயிரும் இருப்பது அங்கே ஒரு அரசாணையின் கண்ணிலாவது பட்டிருக்கிறது.

ஜூன் 15 வந்தால் முதியோர் கொடுமை ஒழிப்பு உறுதிமொழி எடுப்பீர்கள், அக்டோபர் 1 வந்தால் யாருக்காவது சால்வை போர்த்துவீர்கள். படம் பத்திரிகையில் வரும். இந்த வருஷம் சால்வைக்கு ஆள் தேடினால் என் மனைவியை அழையுங்கள். போர்த்துகிறவரை யார் என்று கேட்பாள். ஆட்சியர் என்று சொன்னால், "எனக்கு அப்படி யாரையும் தெரியாது" என்பாள். அதையும் வாக்குமூலமாகப் பதிவு செய்வீர்களா? அவள் சொன்னபடியே, இந்த மாவட்டத்துக்கு ஆட்சியரே இல்லை என்று கோப்பை முடிப்பீர்களா?

மகன் இப்போதும் பணம் அனுப்புகிறான். முன்பு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து அம்மாவிடம் கொடுக்கச் சொல்வான். அவள் யாருங்க என்று கேட்டாலும், "நான்தாம்மா" என்று விடாமல் பேசுவான். இப்போது என்னிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறான். அந்த மாடியில் அவள் சொன்னது நோயின் பேச்சு என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் அரசாங்க முத்திரையோடு எழுத்தில் வந்துவிட்டதே.

டாக்டர் வரும் கிழமையைச் சுவரில் எழுதுங்கள். பெயிண்ட் செலவு என்னுடையது. அரை நாளைக்கு ஒரு ஆள் அனுப்ப முடியுமா, முடியாதா என்று ஒரு வார்த்தையில் சொல்லுங்கள். அந்த உத்தரவைத் திருத்தி, திருத்திய நகலை மகனுக்கும் அனுப்புங்கள், சம்மன் போன அதே கம்பெனி விலாசத்துக்கு. மறுபடி திங்கட்கிழமை வரச் சொல்லாதீர்கள். வந்தால் இவளை விட்டுவிட்டு வர ஆள் வேண்டும், அந்த ஆளைத்தானே ஐயா கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மின் கணக்கீட்டாளர்

இணைப்பு: மகனின் பிறப்புச் சான்றிதழ் நகல், தாயார் பெயருடன். எங்கள் திருமணப் பதிவு நகல், அடுத்த விசாரணைக்குத் தேவைப்பட்டால்.