கம்பா, வெறுங்கையா?

நாரணாபுரத்தில் என் தங்கை வீட்டுக்கு எதிர் மாடியில் சிலம்பம் சொல்லித் தருகிறார்கள். தெரு முனையில், டைல்ஸ் கடைக்குப் பின்னால், கராத்தே. தங்கை மகள் இந்த வருடம் ஆறாம் வகுப்பு. எதில் சேர்ப்பது என்று ஒரு வாரமாக வீட்டில் பேச்சு நடந்து, கடைசியில் பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒரு காலத்தில் கம்பு பிடித்தவன் என்ற மரியாதை.

அந்த மரியாதை கொஞ்சம் ஓட்டை. தமிழன் கலை, பாட்டன் சொத்து, அதனால் சிலம்பத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்று முப்பது வருடமாகச் சொல்லித் திரிகிறேன். நடந்தது வேறு. அப்பா வேலை பார்த்த பட்டாசு ஆலையில்தான் வாத்தியாரும் வேலை பார்த்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கோயில் பொட்டலில் சொல்லித் தருவார். வெற்றிலை பாக்கு, ஒரு துண்டு, பதினோரு ரூபாய் வைத்துக் கும்பிட்டால் போதும். கராத்தே என்றால் சிவகாசிக்கு பஸ் ஏற வேண்டும், வெள்ளை உடுப்பு தைக்க வேண்டும், மாதாமாதம் பீஸ் கட்ட வேண்டும். என் தமிழ்ப்பற்று அந்த பஸ் டிக்கெட்டில்தான் பிறந்தது.

ஒன்றரை மாதம் வாத்தியார் கம்பைக் கண்ணிலேயே காட்டவில்லை. வெறும் காலடிதான். மண்ணில் கோடு கிழித்து, எந்தக் கால் எங்கே விழ வேண்டும் என்று நடக்க விடுவார். அதற்கப்புறம் கைக்கு வந்த கம்பு என் நெற்றி உயரம் இருந்தது. வாத்தியார் பேன்சி ரக வெடிக்கு மருந்து செலுத்துகிறவர். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அலுமினியப் பவுடர் ரேகைக்குள்ளேயே கிடக்கும். அவர் பிடித்துக் காட்டிய இடத்தில் கம்பின் மேல் நாலு விரல் தடம் வெள்ளியாக மினுங்கும். அந்தத் தடத்தின் மேல் எங்கள் விரலை வைத்தால் பிடி சரி. வேறு பாடம் தேவைப்படவில்லை.

பொங்கல் திருவிழாவில் கம்பின் இரண்டு முனையிலும் பந்தம் கட்டிச் சுற்றச் சொல்லி ஊர்க்காரர்கள் கேட்பார்கள். மாட்டேன் என்றுவிடுவார். “பகல் பூரா மருந்தோட கெடக்கேன். ராத்திரியும் தீயோட வெளையாடணுமாக்கும்?” அதற்கு மேல் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

என் கூட்டாளி ஒருவன் எப்படியோ பஸ்ஸுக்குக் காசு புரட்டி கராத்தேயில் சேர்ந்தான். காரணம் ‘என்டர் தி டிராகன்’. 1973-ல் வந்த படம், எங்கள் பக்கம் பல வருடம் திரும்பத் திரும்ப ஓடியது. வேடிக்கை என்னவென்றால், புரூஸ் லீ கராத்தேக்காரரே இல்லை. ஹாங்காங்கில் விங் சுன் படித்து, பிறகு ஜீத் குன் டோ என்று தனக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டவர். குங்ஃபூ சொல்லித் தர இங்கே ஆள் ஏது? கிடைத்ததில் சேர்ந்தான். எங்கள் வாத்தியாரைக் கேட்டாலும் ‘பெரிய இடத்துப் பெண்’ படத்தில் எம்.ஜி.ஆர். ஆடிய கம்புச் சண்டையில்தான் கதையை ஆரம்பிப்பார். அது 1963.

தங்கை வீட்டுப் பஞ்சாயத்துக்கு வருகிறேன். தங்கைக்குச் சிலம்பம்தான். ஆலை பஸ்ஸில் வந்து இறங்கி அடுப்பைப் பற்றவைக்கிற நேரத்தில் பிள்ளை எதிர் மாடியில் இருந்தால் கவலை இல்லை. “சர்டிபிகேட்டும் இருக்குண்ணே, நாளைக்கு வேலைக்கு ஆகும்” என்றாள். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்திருக்கிறார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் அது காட்சி விளையாட்டு. கலையைச் சர்டிபிகேட்டுக்காகப் படிக்கலாமா என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. பஸ் டிக்கெட்டுக்காகப் படித்தவன் நான், எனக்கு அந்த வாய் கிடையாது.

மாப்பிள்ளை கராத்தே கட்சி. “கம்பத் தூக்கிக்கிட்டு டவுன் பஸ்ஸுல ஏற முடியுமா மச்சான்? கை எப்பவும் கூடவே வரும்” என்றார். தெரியாமலே அகராதி சொல்லிவிட்டார். கராத்தே என்றால் வெறுங்கை என்றுதான் பொருள். ஒகினாவாத் தீவில் அதைச் ‘சீனக் கை’ என்று பொருள்படும் எழுத்தில் எழுதிவந்தார்கள். வெறுங்கை என்ற எழுத்து 1930களில் நிலைத்தது. அந்த மாற்றத்துக்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் புனகோஷி. அவர் ஒகினாவாவிலிருந்து டோக்கியோ போய்க் கராத்தேயை ஆடிக் காட்டியது 1922-ல். இங்கே சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் படிக்கக் கல்கத்தா போனதும் அதே 1922-ஐ ஒட்டித்தான். அவர்கள் திரும்பி வந்து போட்ட அஸ்திவாரத்தில் எழுந்த ஊரைத்தான் நேரு குட்டி ஜப்பான் என்றாராம். குட்டி ஜப்பானில் கராத்தே இல்லாமலா என்று மாப்பிள்ளைக்கு ஒரு பாயிண்ட் எடுத்துக் கொடுத்தேன். தங்கை முறைத்தாள்.

எனக்கும் கராத்தே மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. என் பையனை ஒரு வகுப்பில் சேர்த்தேன். ஆறு மாதத்தில் மூன்று பெல்ட் வாங்கினான். ஒவ்வொன்றுக்கும் தனிப் பரீட்சை, தனிப் பீஸ். மூன்றாவது பெல்ட்டோடு வாசல்படியில் தடுக்கி விழுந்தபோது கையை எங்கே ஊன்றுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. மணிக்கட்டில் மாவுக்கட்டு. கராத்தேயைக் குறை சொல்லிப் பயனில்லை. வாத்தியாரைப் பார்க்காமல் போர்டைப் பார்த்துச் சேர்த்தது நான்.

இதையெல்லாம் நாங்கள் மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தோமே தவிர, படிக்கப் போகிறவளைக் கேட்கவில்லை. கேட்டதும் யோசிக்காமல் சொன்னாள், கராத்தே. ஏன் பாப்பா என்றேன். அம்மா அடுப்படிக்குப் போகும்வரை காத்திருந்து, என் காதோடு சொன்னாள்: “எதிர் மாடின்னா அம்மா ஜன்னல்லயே நின்னு பாத்துக்கிட்டு இருப்பாங்க மாமா. தப்பாப் பண்ணினா அங்க இருந்தே கத்துவாங்க.”

மறுநாள் சிவகாசி போய் வெள்ளை உடுப்பு வாங்கி வந்தேன். இரண்டு வருடத்துக்கு வரட்டும் என்று தங்கை சொன்னபடி, ஒரு சைஸ் பெரிதாக.