எந்தத் துவக்கு நல்ல துவக்கு?

வேட்டைப் பிரியர்களான கனவான்கள் ஓரிடத்தில் கூடிவிட்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் துவக்கில் வந்து முடியும். பறவை வேட்டைக்கு எது உகந்தது? பழைய இரட்டைக் குழலா, அல்லது விசையை அழுத்த அழுத்த அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத்தானியங்கியா? அரைத்தானியங்கியென்றால் வாயுவால் இயங்குவதா, பின்னுதைப்பால் இயங்குவதா? பெல்ஜியத்துச் சரக்கா, இத்தாலியச் சரக்கா? மலைநாட்டில் இந்த வாதம் தோட்டத்துரைமாரின் கிளப்புகளில் வளர்ந்தது. துரைமார் கப்பலேறினர், வாதம் ஏறவில்லை. பதுளையில் இன்றும் அதைக் கேட்கலாம். ஊவா மலைகளில் துவக்கைப் பற்றிக் கேட்கவேண்டிய முதற் கேள்வி இதுதானா என்பதே நாம் இங்கு எழுப்பும் பிரச்சினை.

கருவியைப் பற்றிய அறிவை நாம் இகழவில்லை. அதுவும் மனித உழைப்பின் விளைவே. ஜோன் பிரௌனிங் என்ற அமெரிக்கக் கம்மியர் வகுத்த அரைத்தானியங்கி வேட்டைத் துவக்கை, பெல்ஜியத்து எஃப்.என். தொழிற்சாலை 1902ஆம் ஆண்டு முதல் செய்து விற்கலாயிற்று. வெடித்த வேகத்தில் குழலும் பூட்டும் சேர்ந்து பின்னே ஓடும். வெறும் தோட்டா வெளியே விழும். புதியது உள்ளே ஏறும். இதுவே அதன் இயக்கம். பின்னர், குழலில் ஒரு துளையிட்டு வெடிமருந்தின் வாயுவிலே சிறு பங்கைத் திருடி அதனால் பூட்டைத் தள்ளும் முறை பரவிற்று. 1963இல் வந்த ரெமிங்டன் 1100 அந்த வகையைச் சேர்ந்தது. தோளில் உதை குறைவு என்பது அதன் பெருமை. கரி படிந்து அடைத்துக்கொள்ளும், அடிக்கடி துடைக்கவேண்டும் என்பது அதன் குறை. இத்தாலியப் பெனெல்லி போன்றவை சடத்துவத்தால் இயங்குபவை. அவை சுத்தமானவை, பாரம் குறைந்தவை. ஆனால் தோளைப் பதம் பார்க்கும். வடகீழ்ப் பருவமழையில் நனைந்து வயற்சேற்றில் நடப்பவன் இந்த நியாயங்களை எண்ணிப் பார்ப்பது பொருத்தமே. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் நமது ஐயம் தொடங்குகிறது.

பதுளைப் பக்கத்து வயல்களுக்குப் புரட்டாதி, ஐப்பசியில் வந்து பங்குனி, சித்திரையில் திரும்பும் விருந்தாளி உள்ளான். ஊசிவால் உள்ளான் சைபீரியாவிலிருந்து வருகிறது. துரைமார் விரும்பிச் சுட்ட பறவை இது. வரப்போரத்திலிருந்து திடீரெனக் கிளம்பி வளைந்து வளைந்து பறக்கும். அதைச் சுட்டு வீழ்த்துவது திறமை என்று அவர்கள் மார்தட்டினர். இரட்டைக் குழலில் இரண்டு வெடி. அதற்குள் விழாவிட்டால் பறவை தப்பியது, அவ்வளவே. அரைத்தானியங்கியோ மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது வெடியையும் கையில் கொடுக்கிறது. அந்த வெடிகள் எத்தகையவை? சன்னம் செறிவாகச் சென்று கொல்லும் எல்லை 40 யார் அளவே. மூன்றாவது வெடி புறப்படும்போது பறவை பெரும்பாலும் அந்த எல்லையைக் கடந்திருக்கும். அங்கே சன்னம் கொல்வதில்லை. சிறகிலும் வயிற்றிலும் தைத்துக் காயப்படுத்துகிறது. முதற் காயத்தில் துடிக்கும் பறவையை விரைந்து முடிக்க மற்ற வெடிகள் உதவும் என்று சிலர் கருணை பேசுகிறார்கள். முதல் வெடியைப் பொறுப்போடு சுடுபவனுக்கு அந்தக் கருணை அரிதாகவே தேவைப்படும். ஐந்து இருக்கிறதே என்று சுடுபவனுக்குத்தான் அது வேட்டைக்கு வேட்டை தேவைப்படும்.

இதை மாமிசம் உண்ணாதாரின் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. வேட்டையைப் பெரும் வியாபாரமாகவே நடத்தும் அமெரிக்கா, வலசைப் பறவைகளைச் சுடும் துவக்கில் மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கக்கூடாதென்று 1935இல் விதித்தது. 1979ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பறவைச் சட்டம், இரண்டு தோட்டாவுக்கு மேல் கொள்ளும் அறையுடைய அரைத்தானியங்கிகளை விலக்கியது. துவக்கைச் செய்து விற்பவனே அதன் வாயைக் கட்டியிருக்கிறான்!

ஈயத்தையும் கணக்கிட வேண்டும். பன்னிரண்டாம் நம்பர் தோட்டா ஒன்றில் ஏறக்குறைய 30 கிராம் சன்னம் இருக்கும். ஐந்து வெடிக்கு 150 கிராம். குறிவைக்கப்பட்ட உள்ளானின் எடை பெரும்பாலும் அவ்வளவு கூட இராது. கனவான் பறவையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். ஈயம் வயலில் கிடக்கும். வயல் அவருடையதல்ல. இரை தேடும் நீர்ப்பறவைகள் அதை விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன என்று கண்டே, ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் சதுப்பு நிலங்களில் ஈயச் சன்னத்தைத் தடுத்துவிட்டது.

வயல் யாருடையது, காடு யாருடையது என்ற கேள்வி ஊவாவுக்குப் புதிதல்ல. 1818இல் ஊவா வெல்லஸ்ஸ எழுச்சியை அடக்கியபோது பிரித்தானியப் படை ஊர்களை எரித்தது, விளைச்சலை அழித்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட முடியாத கிராமத்தவனின் சேனையையும் காட்டையும் முடியின் சொத்தாக்கிற்று. அந்தக் காட்டிலே கோப்பியும் பின்பு தேயிலையும் ஏறின. தமிழ்நாட்டிலிருந்து நம் பாட்டன்மார் கூலிகளாய் ஏற்றிவரப்பட்டனர். அதே காலத்தில் பதுளையில் அதிகாரம் செலுத்திய மேஜர் ரொஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்வர். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட அவருடைய நினைவாகப் பதுளையில் புனித மாற்கு தேவாலயம் நிற்கிறது. யானைகளுக்கு நினைவுச்சின்னம் ஏதும் இல்லை. வேட்டை விலங்குகள் அருகிவிட்டன என்ற கவலை துரைமாருக்கும் வந்தது. 1894இல் அவர்கள் அதற்கென்று ஒரு சங்கம் கூட்டினர். அதன் நற்பணிகளை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்து அகராதியில், துரை சுட்டால் அது விளையாட்டு. சேனைக் குடியானவன் சுட்டால் களவு வேட்டை. லயத்துப் பையனுக்குத் துவக்கு வேட்டையில் ஒரே ஒரு வேலை இருந்தது: முழங்கால் சேற்றில் இறங்கி, விழுந்த பறவையைத் தேடி எடுத்துவந்து துரையின் கையில் கொடுப்பது.

துவக்கின் வாயை வேறு விதமாகவும் நம்மவர் கண்டதுண்டு. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் குண்டுக்கு இரையானார். அதே ஆண்டில் பதுளை வெவஸ்ஸத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர், தம்மை அடக்க வந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களையே களைந்தனர். எந்த நாட்டுத் தயாரிப்பு என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இனி இன்றைய நிலைமை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் பறவைகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் காக்கின்றன. ரிப்பீட்டர் வகைத் துவக்குக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும்; அதுவும் உயிர்ப் பாதுகாப்புக்கென்றே. பயிர்க்காவலுக்குச் சாதாரணத் துவக்குக் கேட்பவன் மாவட்டச் செயலகத்தில் காணிக்கு ஆதாரம் காட்டவேண்டும். ஐந்து தலைமுறையாகத் தேயிலையை வளர்த்தவனிடம் எந்த உறுதிப்பத்திரம் இருக்கிறது? 1948இல் குடியுரிமையே பறிக்கப்பட்டவர்களின் பேரன்மாருக்கு இன்று 7 பேர்ச் நிலம் தருவதையே பெருங்கொடையாகப் பேசுகிறார்கள்.

சட்டத்தின் துவக்கு எட்டாத இடத்தில் சட்டவிரோதத் துவக்கு முளைக்கிறது. கட்டுத்துவக்கை அறியாத ஊவாக்காரர் இல்லை. ஒரு துண்டு இரும்புக் குழாய், திணித்த வெடிமருந்து, ஈயமோ இரும்போ நறுக்கிய துண்டுகள், மிருகம் நடக்கும் தடத்தின் குறுக்கே இழுத்துக் கட்டிய ஒரு நூல். வேறொன்றும் இல்லை. கனவான்களின் அரைத்தானியங்கிக்கு ஒரு விரலாவது வேண்டும். இதற்கு அதுவும் வேண்டாம். நம் மலைகளில் முழுத் தானியங்கி என்ற பெயருக்கு உரிய துவக்கு இதுவே. பன்றியின் உயரத்துக்கு வைக்கப்படுவதால் அது மனிதனின் காலைத்தான் உடைக்கும். விறகுக்குப் போனவனும், மாடு தேடிப் போனவனும், மானாப் புல் அறுக்கப் போனவளும் அந்த நூலை மிதிக்கலாம். உயிர் தப்பினாலும் கால் தப்புவது அரிது. காலிழந்தவனால் மலையேறிக் கொழுந்தெடுக்கவோ கவ்வாத்து வெட்டவோ முடியாது; அந்த வீட்டில் ஒரு செக்ரோல் பெயர் குறைகிறது. அதன் உடன்பிறப்பான சுருக்குக் கம்பியில் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் சிக்கித்தான் 2020 மே மாதத்தில் அபூர்வமான கருஞ்சிறுத்தை மடிந்தது. அந்தச் செய்திக்கு நாடே வருந்தியது, நாமும் வருந்தினோம். கட்டுத்துவக்கில் காலிழக்கும் மனிதனுக்குப் பத்திரிகையில் நான்கு வரி கிடைத்தால் அதிகம்.

கட்டுத்துவக்கு வைப்பவனுக்காக நாம் வாதாடவில்லை. காட்டிறைச்சி வியாபாரத்துக்காக அதை வைப்பவன் தன் அயலவனின் எதிரி. ஆனால் மரவள்ளிப் பாத்தியைப் பன்றி கிண்டிப்போன காலையில் ஏழைக்கு எஞ்சியிருக்கும் பரிகாரம் என்ன என்று அவனை மட்டும் கேட்டுப் பயனில்லை. 2025 மார்ச் 15ஆம் நாள் காலையில், குரங்கையும் மர அணிலையும் மயிலையும் ஐந்து நிமிடத்தில் எண்ணும்படி அரசாங்கம் நாட்டு மக்களைக் கேட்டது. மயிற்பாறை என்ற பொருளில் மொனராகலை என்று ஒரு மாவட்டத்துக்கே பெயரிட்ட ஊவாவில், மயிலும் பயிர்ப் பகை என்று எண்ணப்படும் காலம் வந்துவிட்டது. அழிவு உண்மையானது, விவசாயியின் கண்ணீரும் உண்மையானது. எண்ணி முடித்ததும் சுடலாமே என்ற குரலும் கூடவே எழுகிறது. அந்தக் குரலின் தோளில் ஏறித்தான் ரிப்பீட்டர் துவக்கு மீண்டும் வயலுக்குள் இறங்கப் பார்க்கும். பெயர் பயிர்க்காவல், கைவரிசை பழைய கிளப் வேட்டை.

ஆகவே துவக்கு ரசிகர்களுக்கு நாம் சொல்வது இது. பறவைக்கு எந்தத் துவக்கு என்று நம்மைக் கேட்டால், அரைத்தானியங்கி வேண்டாம் என்போம். வாயுவானாலும் பின்னுதைப்பானாலும் வேண்டாம். பயிருக்குக் காவல் தேவையென்றால் அது ஊர்க்காவலாக இருக்கட்டும். சிங்களக் கிராமத்தவரும் தோட்டத் தொழிலாளரும் சேர்ந்த குழுவின் பொறுப்பில், கணக்கு வைத்த ஒன்றிரண்டு சாதாரணத் துவக்குகள் போதும். வேலிக்கும் நட்டஈட்டுக்கும் அரசாங்கமும் தோட்டக் கம்பனிகளும் செலவிடவேண்டும். தோட்டத்து எல்லைக் காட்டில் கட்டுத்துவக்குகளையும் கம்பிகளையும் தேடி அகற்றும் வேலையைக் கம்பனி தன் சம்பளத்தில், தன் வேலை நாளில் செய்விக்கவேண்டும். விறகு பொறுக்கும் பெண்ணின் கால் அதைக் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்கலாகாது. பசறையிலும் லுணுகலையிலும் லயத்துக்குப் பின்னே ஒரு பாத்தி மரவள்ளி நடுபவனுக்கு, அந்தப் பாத்தி அவனுடையதே என்று எழுதிய ஒரு கடதாசியும் வேண்டும். அது கையில் இருந்தால்தான் நட்டஈடு கேட்கவும் அவன் கச்சேரிப் படியேற முடியும்.