விதையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்!



"கஞ்சாச் செடியில் என்ன சார் நாட்டு ரகம், பாரம்பரியம்? இருக்கிறதையெல்லாம் பிடுங்கி எரிக்க வேண்டியதுதானே?" என்று நம் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். புகைப்பவனுக்கு நான் வக்கீல் இல்லை. வகுப்பறையில் போதைக்கு எதிராகத் தொண்டை வறளப் பேசியவன்தான். ஆனால் போதை வேறு, விதை வேறு.

நெல் ஜெயராமன் 150-க்கும் மேற்பட்ட நாட்டு நெல் ரகங்களை மீட்டபோது எல்லோரும் கைதட்டினோமே, எதற்கு? வறட்சி, வெள்ளம், நோய் இவற்றைத் தாங்கும் குணத்தைத் தேடினால் பழைய ரகங்களிடம்தான் போய் நிற்க வேண்டும் என்பதற்காக. அந்த நியாயம் நெல்லுக்கு மட்டும்தானா?

ரஷ்ய விஞ்ஞானி வாவிலோவ் 1924-ல் ஆப்கானிஸ்தானில் பயிர் வகைகளைத் தேடி அலைந்தார். அங்கிருந்த கஞ்சாச் செடியையும் அருவருக்காமல் ஆராய்ந்து எழுதினார். அவர் வளர்த்தெடுத்த விதைக் களஞ்சியத்திலிருந்து போன விதையில்தான், பின்லாந்தின் குறுகிய கோடையிலும் விளையும் 'ஃபினோலா' பிறந்தது. அது போதை தராத எண்ணெய்வித்து ரகம்.

இந்துகுஷ் மலைச் செடி குட்டை, சீக்கிரம் பூப்பது. 1970-களில் அமெரிக்காவில் அதை மெக்சிகோ, கொலம்பியா ரகங்களோடு கலந்து 'ஸ்கங்க் நம்பர் 1' உருவாக்கினார்கள். மேலைநாட்டு வணிக ரகங்கள் பலவற்றுக்கு அதுதான் பாட்டன். சரி, அந்த மூலக் குணங்களைத் தலைமுறை தலைமுறையாக விதை பொறுக்கிக் காத்தவர் யார்? மலை விவசாயி. கலந்தவருக்குப் பேரும் பணமும். காத்தவருக்கு வழக்கும் பயமும். இது என்ன கணக்கு?

மொராக்கோவின் ரிஃப் மலையைப் பாருங்கள். அங்குள்ள 'பெல்தியா' நாட்டு ரகம் மழையை நம்பியே விளைவது. பின்னால் நுழைந்த கலப்பினங்களோ பாசனத் தண்ணீரைக் குடிக்கின்றன. கஞ்சாவில் ஆண் செடி, பெண் செடி தனித்தனி. மகரந்தம் காற்றில் பறக்கும். பக்கத்து வயலில் கலப்பின ஆண் செடி நின்றால் போதும், நாட்டு ரகத்தின் அடுத்த தலைமுறை கலந்துவிடும். தீ வைக்காமலே அழிவு! அந்த நாடு 2021-ல் மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் பயிரிடச் சட்டம் போட்டது.

நம் நாட்டில்? 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கஞ்சா வரையறையில், பூங்கொத்தோடு சேராத தனி விதையும் இலையும் வராது. நாருக்கும் விதைக்கும் பயிரிட அரசு அனுமதி தரவும் இடமுண்டு. குமாவுன் மலைமக்கள் இந்த விதையை அரைத்துச் சட்னி சாப்பிடுகிறார்கள். சட்டத்துக்கே தெரிந்த வித்தியாசம் படித்த நமக்குத் தெரிய வேண்டாமா?

கடத்துபவனைப் பிடியுங்கள், நானும் ஆதரிக்கிறேன். அதோடு மலைநாட்டு ரகங்களின் விதையை அரசு விதை வங்கிகளில் முறையாகச் சேமியுங்கள். அதிலிருந்து மருந்தோ நாரோ வந்தால், காத்த விவசாயிக்குப் பங்கு கொடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். திட்டுவதானாலும் ஒற்றுப்பிழை இல்லாமல் திட்டுங்கள்!