ஆரணி கிச்சன்: கேஸ் அடுப்பு சர்வீஸை நீங்களே செய்யலாமா?

அடுப்புத் தீ மஞ்சளா எரியுதா? பர்னர் அடைச்சிருக்கலாம். ரெகுலேட்டரை ஆஃப் பண்ணி, பர்னர் ஆறியதும் எடுத்து, ஓட்டைகளைக் குண்டூசியால் குத்தி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்லா காயவிட்டு மாட்டுங்க. இதுக்குக் காசு கொடுத்து ஆள் கூப்பிடுவது வீண்.

டியூப், ரெகுலேட்டர் ரிப்பேர் அப்படியில்லை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். ஆரணியில் குழித்தறி இருக்கும் வீடுகளில், நெசவாளர் கால் வைக்கும் குழிதான் அந்தப் பள்ளம். மேலே பட்டுப் பாவு. ஒரு பொறி போதும்.

அதனால் 5 வருடத்துக்கு ஒருமுறை டியூபை மாத்துங்க. ஏஜென்சி மெக்கானிக் வரும் கட்டாயச் சோதனையைத் தட்டிக்கழிக்காதீங்க. அந்தச் செலவு நியாயமானது. கேஸ் நாற்றம் வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு அழையுங்க.