சிரித்தவரெல்லாம் கோழையா?



நேற்று லூயி ஆம்ஸ்ட்ராங் பாடும் காணொளியைப் பகிர்ந்திருந்தேன். என் பழைய மாணவர் ஒருவர், "வெள்ளைக்காரர்கள் முன்னால் பல்லைக் காட்டிப் பிழைத்தவர்தானே சார்?" என்று கேட்டிருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன், பதிலை மட்டும் சொல்கிறேன்.

தம்பி, இது பழைய குற்றச்சாட்டு. டிரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பியே ஒரு காலத்தில் இப்படிப் பேசி, பிற்பாடு மனம் மாறினார். மேடையில் ஆம்ஸ்ட்ராங் கண்ணை உருட்டினார், கைக்குட்டையை ஆட்டினார், ஒப்புக்கொள்கிறேன். கேட்க வந்தவர்களை மகிழ்விப்பது தன் கடமை என்று நினைத்தவர் அவர்.

ஆனால் அவர் எங்கிருந்து வந்தார்? 1901இல் நியூ ஆர்லியன்ஸில் வறுமையில் பிறந்தார். 11 வயதில், புத்தாண்டுக்கு முந்தைய இரவில் துப்பாக்கியால் சுட்டதற்காகச் சிறார் இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். கார்னெட் வாசிக்க முறையாகக் கற்றது அங்கேதான். அதுவரை அந்த ஊர் ஜாஸில் எல்லோரும் சேர்ந்து வாசிப்பதே பிரதானம். தனி ஒருவரின் கற்பனைக்கு அதில் நடுநாயகமான இடம் வாங்கித் தந்தவர் இவர். 1928இல் பதிவான 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' தொடக்கத்தைக் கேள். பக்கவாத்தியம் எதுவும் கிடையாது, டிரம்பெட் மட்டும்தான். பல்லைக் காட்டி வாங்கிய இடமா அது?

1957இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைய முடியாதபடி ஆளுநர் படையை நிறுத்தினார். அப்போது அரசு சார்பில் சோவியத் நாட்டுக்குக் கச்சேரி செய்யப் போகவிருந்த ஆம்ஸ்ட்ராங், போக மாட்டேன் என்றார். அதிபர் ஐசனோவருக்குத் துணிச்சல் இல்லை என்று நிருபரிடமே சொன்னார். அவருடைய பயண மேலாளர் பூசிமெழுகப் பார்த்தும், சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே குழுவில் வாசிக்கக் கூடாது என்று 1956இல் லூசியானா சட்டம் போட்டதால், 1965 வரை சொந்த ஊரில் வாசிக்கவே இல்லை.

பள்ளி வாசலில் தடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தன் பிழைப்பைப் பணயம் வைத்தவரைக் கோழை என்றால், ஒரு வாத்தியாராக என்னால் சும்மா இருக்க முடியாது.

வகுப்பில் எப்போதும் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை 'விளையாட்டுப் புத்தி' என்று நானும் தப்பாக எடைபோட்டிருக்கிறேன். அந்தத் தவறை நீ செய்யாதே.

முதலில் அந்தப் பாட்டைக் கேள். பிறகு எழுது, படிக்கக் காத்திருக்கிறேன்.