பட்டன் இருக்கிறதா, கேபிளில் திறக்கிறதா?

சைக்கிளில் மாட்ட எந்த ஜிபிஎஸ் கருவி வாங்கலாம் என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். சங்கிலி பிடித்து அளந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, டோட்டல் ஸ்டேஷனும் டிஜிபிஎஸ்ஸும் வந்த பிறகு வெளியே வந்தேன். வீடு சேலத்தில். விடிகாலையில் சைக்கிளை எடுத்தால் வெயில் ஏறுவதற்குள் ஏற்காடு போய்விடலாம். அளவும் தெரியும், சைக்கிளும் தெரியும் என்பதால் கேட்கிறார்கள் போலிருக்கிறது. என் பதில் மாறுவதில்லை. போன பாதையை ஒழுங்காகக் குறித்துவைத்து, அந்தக் குறிப்பை நம் கையில் கொடுக்கிற கருவி போதும். அதற்கு மேல் கேட்கிற ஒவ்வொரு ஆயிரம் ரூபாய்க்கும் கடைக்காரரிடம் காரணம் கேளுங்கள்.

அண்ணன் மகனுக்காக அண்மையில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். சனி, ஞாயிறுகளில் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிற பையன். கடைத் தம்பி முதலில் எடுத்துவைத்தது கலர் மேப்போடு வரும் பெரிய திரை. விலை ஐம்பதாயிரத்தை ஒட்டி. “சார், இது டச் ஸ்க்ரீன். வாட்ஸப் மெசேஜ் இதுலயே வரும். மலை ஏறும்போது இன்னும் எவ்வளவு மிச்சம்னு காட்டும்” என்றார். பையனுக்குக் கண் விரிந்துவிட்டது.

“ஏற்காட்டுக்கு உனக்கு வழி தெரியாதா?” என்று கேட்டேன்.

“தெரியும் சித்தப்பா. எவ்வளவு தூரம் போனேன், எவ்வளவு நேரம் ஆச்சு, எவ்வளவு ஏறுனேன், அதுதான் வேணும்.”

அவன் கேட்ட மூன்றையும் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற கருவிகள் செய்கின்றன. மூன்று, நான்காயிரத்தில் கிடைப்பவைகூடப் பெரும்பகுதி செய்கின்றன. நாற்பதாயிரம் மிச்சமானால் நல்ல டயர், ஹெல்மெட், பின்விளக்கு எல்லாம் வாங்கி, ஒரு முழு சர்வீஸும் செய்துகொள்ளலாம். உயிரைக் காப்பவை அவைதான்.

போன் போதாதா என்பது அடுத்து வரும் கேள்வி. ஒரு மணி நேரம் ஊருக்குள் சுற்றிவர போன் தாராளமாகப் போதும். அதை சட்டைப் பின்பையில் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள், பதிவாகிவிடும். ஹேண்டில்பாரில் மாட்டி, திரையை எரியவிட்டு, சேலத்து ஏப்ரல் வெயிலில் நான்கு மணி நேரம் ஓட்டுவது வேறு கதை. ஐபோனைச் சுற்றுவெப்பம் 35 டிகிரிக்குள் இருக்கும் இடத்தில் பயன்படுத்தச் சொல்லி ஆப்பிள் நிறுவனமே எழுதியிருக்கிறது. கோடையில் நம் ஊர் வெப்பம் மதியத்துக்குள் அந்த எல்லையைத் தாண்டிவிடும். சூடேறினால் திரை மங்கும், பிறகு அணையும். வியர்வை விரலுக்கு டச் கேட்காது. இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மலைப்பாதையில் செயின் அறுந்தாலோ, கீழே விழுந்தாலோ வீட்டைக் கூப்பிட வேண்டியது அந்த போனில்தான். அதன் பேட்டரியைப் பாதை குறிக்கச் செலவழிக்கக் கூடாது.

ஜிபிஎஸ் என்றால் சிம் கார்டும் டேட்டாவும் வேண்டும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். வேண்டாம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கருவி அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். குறைந்தது நான்கு கோள்களின் குரல் கேட்டால் இடம் கணக்காகிவிடும். சிக்னல் கோபுரமே இல்லாத காட்டுக்குள்ளும் வேலைசெய்யும். பொதுமக்களுக்கான அலைவரிசையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதம் நிறுத்தியது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டிய கருவிகள் அதன்பிறகு பத்து இருபது மீட்டருக்குள் வந்தன. இன்று சாதாரணக் கருவிக்கே வெட்டவெளியில் ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியம் உண்டு. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்கிற கருவி என்றால் மரநிழலிலும் மலையிடுக்கிலும் தடுமாற்றம் குறையும். இந்த வசதி மலிவான கருவிகளிலும் வந்துவிட்டது.

கருவியின் தரத்தை மலைதான் காட்டும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70. இறங்கும்போது வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் நொடிக்குப் பத்து மீட்டர் போகிறோம். பேட்டரியை மிச்சம்பிடிக்க, சில கருவிகள் சில நேரம் ஐந்தாறு நொடிக்கு ஒரு புள்ளி மட்டும் குறிக்கும். ‘ஸ்மார்ட் ரெக்கார்டிங்’ என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஐந்தாறு நொடியில் கொண்டை ஊசி வளைவே முடிந்துவிடும். புள்ளிகளைக் கோடாக இணைத்துப் பார்த்தால், நாம் சாலையை விட்டுச் சரிவில் குறுக்கே பாய்ந்து கீழ்ச்சாலையில் விழுந்ததுபோல் இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் சில மீட்டர் காணாமல் போய், மொத்தத் தூரமும் குறையும்.

சர்வேயருக்கு இது புதிதல்ல. கோணலான வரப்பை அளக்கும்போது ஜி லைன் என்கிற அடிக்கோட்டிலிருந்து ஒவ்வொரு முனைக்கும் ஆஃப்செட் எடுத்துப் புலப்படத்தில் குறிப்போம். முனைகளை விட்டுவிட்டு நேர்கோடு போட்டால் பக்கத்து நிலத்துக்காரன் சும்மா விடுவானா? வளைவு கூடக்கூடப் புள்ளியும் கூட வேண்டும். அதனால் செட்டிங்கில் ‘நொடிக்கு ஒரு புள்ளி’ என்பது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆட்டோ பாஸ்’ என்கிற வசதியை மலையில் அணைத்துவிடுவது நல்லது. செங்குத்தில் நாம் மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டரில் மூச்சுவாங்க மிதித்துக்கொண்டிருப்போம். நாம் நின்றுவிட்டதாக எண்ணிச் சில கருவிகள் பதிவை நிறுத்திவிடும். அத்தனை வியர்வையும் கணக்கில் வராமல் போவதை என்னால் பொறுக்க முடியாது.

உயரக் கணக்கு இன்னும் சிக்கலானது. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் முந்நூறுக்கும் கீழே. ஆக, ஏற்றம் ஆயிரத்து இருநூறு மீட்டருக்குக் குறையாது. செயற்கைக்கோள் எல்லாம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே பூமி மறைக்கிறது. பக்கவாட்டில் நாலாபுறமும் கோள்கள் இருப்பதால் அந்தப் பிழைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். மேல்கீழ் அளவில் அது நடக்காது. அதனால் ஜிபிஎஸ் சொல்லும் உயரத்தில் எப்போதும் பிழை அதிகம். இதற்கு மாற்று, காற்றழுத்தத்தை அளக்கிற பாரோமீட்டர். எட்டு ஒன்பது மீட்டர் ஏறினால் அழுத்தம் சுமார் ஒரு மில்லிபார் இறங்கும். கருவி அதை வைத்து ஏற்றத்தைக் கணக்கிடுகிறது. மலையேறுபவர்கள் பாரோமீட்டர் உள்ளதை வாங்குங்கள். சமவெளியில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு அதற்காகக் கூடுதல் பணம் தேவையில்லை. ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பாரோமீட்டருக்குக் காற்றுப் போகக் கருவியின் உடலில் ஊசிமுனை அளவுக்குத் துளை இருக்கும். அதில் வியர்வை உப்போ மழைநீரோ அடைத்தால் உயரம் தாறுமாறாகும். ஓட்டி முடித்ததும் ஈரத் துணியால் துடைத்து உலரவிட்டால் போதும், குத்திச் சுத்தம் செய்யாதீர்கள்.

தூரம் மட்டும் துல்லியமாக வேண்டுமென்றால், சக்கரத்தில் காந்தம் மாட்டும் சில நூறு ரூபாய் மீட்டரே ஜிபிஎஸ்ஸைவிட நம்பகமானது. ஆனால் சக்கரச் சுற்றளவைச் சரியாகக் கொடுக்க வேண்டும். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, ஒரே ஒரு சுற்று உருட்டி, தரையில் விழுந்த இரண்டு கோடுகளுக்கும் இடையே டேப் பிடித்து அளங்கள். 700-க்கு 28 டயர் என்றால் 2.13 மீட்டர் அளவில் வரும். இதில் நூற்றுக்கு ஒன்று பிசகினால் நூறு கிலோமீட்டரில் ஒரு கிலோமீட்டர் பிசகும். அந்த மீட்டரில் போன பாதை மட்டும் பதிவாகாது.

இனி பட்டன். கையுறை போட்டிருந்தாலும், மழை பெய்தாலும், பார்க்காமலேயே அமுக்கினாலும் வேலைசெய்வது பட்டன்தான். ஐந்து பட்டனோடு, 1.8 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரையோடு, பாரோமீட்டரும் சேர்த்து 2020-இல் வந்த கார்மின் எட்ஜ் 130 பிளஸ் என் மனதில் உள்ள எளிய கருவிக்கு நல்ல உதாரணம். எடை 33 கிராம். அதன் குறை பேட்டரி. கம்பெனி கணக்கிலேயே 12 மணி நேரம்தான். சீன நிறுவனமான ஐஜிபிஸ்போர்ட்டின் பிஎஸ்சி 100எஸ் 40 மணி நேரம் என்கிறது. திரையும் 2.6 அங்குலம். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அந்த அளவு பெரிய உதவி. வண்ணத்திரைகளில் பல, வெயிலில் ஒளியைக் கூட்டினால்தான் தெரியும். இந்தக் கறுப்பு வெள்ளைத் திரைகள் வெயில் ஏற ஏறத் தெளியும்.

பேட்டரி எவ்வளவு வேண்டும் என்பது உங்கள் ஓட்டத்தைப் பொறுத்தது. ஞாயிறு காலையில் ஓட்டுபவர்களுக்குப் பன்னிரண்டு மணி நேரமே அதிகம். பிஆர்எம் என்கிற நெடுந்தூர ஓட்டங்களில் கலந்துகொள்பவர்களுக்குக் கணக்கு வேறு. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40 என்று நேரம் கொடுக்கிறார்கள். கடைசி நிமிடத்தில் வந்து சேர்பவருக்கும் பதிவு அறுந்துபோகக் கூடாது. பவர் பேங்க் செருகினால் பதிவு தொடர்கிறதா என்று கேளுங்கள். சில பழைய கருவிகள் கேபிள் செருகியதும் பதிவை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டரைத் தேடப் போய்விடும். புதிய ஊர்களுக்குத் தனியாகப் போகிறவர்களுக்கு மேப் தேவைதான், நான் மறுக்கவில்லை. பல எளிய கருவிகளே முன்கூட்டி ஏற்றிய பாதையைக் கோடாகக் காட்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நான் எதிலும் விட்டுக்கொடுக்காத நிபந்தனை ஒன்று உண்டு. கருவியைக் கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்தால், பென் டிரைவ்போலத் திறக்க வேண்டும். உள்ளே நம் பயணங்கள் ஃபிட் அல்லது ஜிபிஎக்ஸ் கோப்பாக இருக்க வேண்டும். ஆப், அக்கவுண்ட், கிளவுட் எதுவும் இல்லாமல் நாமே எடுத்து வைத்துக்கொள்ள முடிய வேண்டும். 2020 ஜூலையில் கார்மின் நிறுவனத்தின் கணினிகளைச் சைபர் தாக்குதல்காரர்கள் பூட்டிவிட்டார்கள். அதன் கார்மின் கனெக்ட் சேவை பல நாள் முடங்கியது. உலகம் முழுக்க ஓட்டியவர்களின் பயணம் அந்தச் சேவையில் ஏறவில்லை. ஆனால் கருவிக்குள் இருந்த பதிவு அழியவில்லை. கேபிள் போட்டு, ஆக்டிவிட்டீஸ் கோப்புறையைத் திறந்து, கோப்பை எடுத்து வேறு தளத்தில் ஏற்றிக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், நேற்று முளைத்த மலிவு பிராண்டின் ஆப் ஐந்து வருடம் கழித்து இருக்கும் என்று யார் சொல்ல முடியும்? சங்கிலிகொண்டு அளந்த புலப்படத்தை இன்றும் எடுத்துப் படிக்கிறோம். காகிதத்தில் இருந்ததால் படிக்கிறோம். ஜிபிஎக்ஸ் என்பதும் நோட்பேடில் திறந்தாலே தெரிகிற சாதாரண எழுத்துக் கோப்புதான். வரிக்கு வரி அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் என இருக்கும். எந்தக் கம்பெனி மூடினாலும் அதைப் படிக்கலாம்.

கோப்பு நம்மிடம் இருப்பதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. பயணங்களைப் பதிந்து பகிர்வதற்கான ஆப்பை நடத்தும் ஸ்ட்ராவா நிறுவனம் 2017 நவம்பரில் தன் பயனாளர்களின் ஓட்டங்களைச் சேர்த்து உலக வரைபடம் ஒன்று வெளியிட்டது. சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்த ராணுவ முகாம்களின் உள்வழிகள்கூட அதில் ஒளிக்கோடாகத் தெரிந்தது 2018 ஜனவரியில் பெரிய செய்தியானது. ராணுவத்துக்கே அப்படி என்றால், தினமும் ஒரே நேரத்தில் ஒரே வாசலிலிருந்து கிளம்புகிற நம் பிள்ளைகளின் பாதை என்ன ஆகும்? குறிப்பாகத் தனியாக ஓட்டும் பெண்பிள்ளைகள் வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைக்கும் செட்டிங்கை முதல் நாளே போட்டுவிட வேண்டும். பொதுவில் போடுவது அவரவர் விருப்பம். போடாமலும் பதிவு வைத்திருக்க முடிய வேண்டும்.

கருவி வாங்கியபின் ஒவ்வொரு முறையும் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. கிளம்பும்போது வெட்டவெளியில் நின்று, கோள் பிடித்துவிட்டது என்று திரை சொல்லும்வரை பொறுங்கள். முதல்தடவை சில நிமிடம் ஆகலாம், பிறகு அரை நிமிடம். அவசரப்பட்டுக் கிளம்பினால் முதல் கிலோமீட்டர் பக்கத்துத் தெருவில் பதிவாகும்.

அண்ணன் மகன் வாங்கியது எட்டாயிரம் சொச்சத்துக்கு ஒரு பட்டன் கருவி. கடைத் தம்பியின் கம்ப்யூட்டரிலேயே கேபிள் போட்டுத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தோம். நீங்களும் அப்படியே கேளுங்கள். திறந்து காட்டத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.