சிரிப்பும் சாய்வும்

அமெரிக்காவில் பத்து மணிச் செய்தியோடு டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் ஒரு ரகம். பதினோரு மணிக்கு மேல் வரும் நையாண்டியைப் பார்த்தால்தான் அன்றைய செய்தியே புரிகிறது என்பவர்கள் இன்னொரு ரகம். எனக்குத் தெரிந்த எடிசன், ஃப்ரீமாண்ட் நண்பர்களில் பலர் இரண்டாவது ரகம். நியூ ஜெர்சியில் வளர்ந்த ஜான் ஸ்டூவர்ட் 1999-இல் 'தி டெய்லி ஷோ'வை ஏற்றதிலிருந்து தொற்றிய பழக்கம் இது.

இந்த நையாண்டிக்காரர்கள் ஒரு பக்கம் சாய்ந்தவர்களா? சந்தேகமில்லாமல். புஷ் வாங்கிய அடியில் பாதிகூட ஒபாமாவுக்கு விழவில்லை. பதிலடியாக ஃபாக்ஸ் நியூஸ் 2007-இல் தொடங்கிய 'ஹாஃப் அவர் நியூஸ் ஹவர்' அதே வருடம் நின்றுபோனது. வலதுசாரிகளுக்கு நகைச்சுவை வராது என்று முடிவு கட்டினார்கள். 2021-இல் தொடங்கிய கிரெக் கட்ஃபெல்டின் நிகழ்ச்சி பெரிய கூட்டத்தைச் சேர்த்து அந்த முடிவையும் பொய்யாக்கியது.

சாய்வு மேடையில் மட்டும் இல்லை, சோபாவிலும் இருக்கிறது. ஸ்டீபன் கோல்பேர் வலதுசாரி வேடம் கட்டிய 'கோல்பேர் ரிப்போர்ட்'டை வைத்து ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர் வேடிக்கையானவர் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், அவர் விளையாட்டாகச் சொல்வதுபோல் நடித்து, உள்ளூர அதையேதான் நம்புகிறார் என்று எடுத்துக்கொள்ளும் போக்கு பழமைவாதிகளிடம் அதிகம் இருந்தது. அவரவர் நிறுத்த தராசில் அவரவர் எடை!

நம் கதைக்கு வருவோம். 2014 இந்தியத் தேர்தலை அமெரிக்கச் சேனல்கள் கண்டுகொள்ளவில்லை என்று ஜான் ஆலிவர் கிண்டல் செய்தபோது மகிழ்ந்தோம். 2020 பிப்ரவரியில் அதே ஆலிவர் மோடியை விமர்சித்ததும், வெள்ளைக்காரனுக்கு நம் ஊரைப் பற்றி என்ன தெரியும் என்று என் நண்பர் குழாமில் பாதிப் பேர் பொரிந்தார்கள். புஷ்ஷை அவர்கள் தாளித்த நாட்களில் இந்தக் கேள்வி எழவில்லை. மீதிப் பாதி சளைத்ததா என்ன? தங்கள் கட்சித் தலைவர்களைத் தொட்டால் அவர்களுக்கும் சுருக்கென்றுதான் இருக்கும்.

கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். நூறு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாட்டை இருபது நிமிடத்தில் அடக்கினால் மிஞ்சுவது கோட்டுச்சித்திரம்தான். மற்ற நாட்களில் அமெரிக்க நகைச்சுவையில் நாம் கால் சென்டர் உச்சரிப்பாக மட்டுமே இருந்தோம் என்பதும் உண்மை. அதற்குச் சரியான பதில், நம் பிள்ளைகளும் மைக்கைப் பிடிப்பது. ஹசன் மின்ஹாஜ் பிடித்தார். 2019-இல் ஹூஸ்டன் 'ஹவ்டி மோடி' விழாவுக்குப் போய், உள்ளே விடவில்லை என்று பின்னர் தொலைக்காட்சியில் சொன்னார்.

ஆலிவரின் அந்த 2020 பகுதி இந்தியாவில் ஹாட்ஸ்டாரில் வரவேயில்லை. தமிழ்நாட்டில் 1987-இல் ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியன் சிறை சென்றார். 2025 பிப்ரவரியில் டிரம்ப் பக்கத்தில் மோடி விலங்கோடு அமர்ந்திருக்கும் கார்ட்டூனுக்காக விகடன் இணையதளம் முடங்கியது. அதே வருடம் செப்டம்பரில் இங்கே ஜிம்மி கிம்மலின் நிகழ்ச்சியை ஏபிசி சில நாட்கள் நிறுத்தி வைத்தது.

சாய்ந்த நையாண்டியோடு சண்டை போடலாம், எதிர் நையாண்டி செய்யலாம், சேனலை மாற்றலாம். வாயை அடைக்கச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் யோசிக்கவேண்டும். அடுத்த முறை அடைபடுவது நாம் ரசிக்கும் கோமாளியாக இருக்கலாம்.